மழைக்குக் கரையாத பொட்டு

யாரையும் சட்டென்று புகழும் பழக்கம் எனக்குக் கிடையாது. தையல்காரன் கண் அப்படி. எதிரே ஒருவர் வந்தால் முகத்தைப் பார்க்கும் முன்பே, ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியிருப்பதுதான் எனக்குத் தெரியும். மஸ்கெலியாவில் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் குறையில்லாத தோளையும் நான் பார்த்ததில்லை, குறையில்லாத ஆளையும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட நான் ஒரே நாளில் ஒரு மனிதரைப் பார்த்து இரண்டு முறை வாயடைத்து நின்றிருக்கிறேன். என் கடைக்கு நேர் எதிரே, தகரக் கொட்டகையில் கராஜ் வைத்திருந்த ஹலீம் நானாதான் அவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்.

அவருடைய வாப்பா துணிப் பொட்டணியைத் தலையில் சுமந்து தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி விற்றவர். மகனுக்கும் அந்தப் பொட்டணிதான் காத்திருந்தது. அதற்குள் உலகச் சண்டை வந்துவிட்டது. துணி சுமக்க வேண்டியவர் திருகோணமலைக்குப் போய்ப் பட்டாளத்து லாரிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். சண்டை முடிந்து லாரிகள் எல்லாம் போன பிறகு அட்டனுக்கு வந்து பஸ் கராஜ் ஒன்றில் வேலை பார்த்தார். சுதந்திரம் கிடைத்து இரண்டொரு வருஷம் கழித்து மஸ்கெலியாவில் சொந்தமாகக் கொட்டகை போட்டார். மனைவி றுக்கையா பின்பக்கத்து வீட்டிலிருந்து நேரத்துக்கு நேரம் தேநீர் அனுப்புவார். எனக்கும் ஒரு கோப்பை ரோட்டைக் கடந்து வரும். அந்தத் தேநீருக்காக நான் இவரைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதில் சீனி எப்போதும் குறைவு.

ஹலீம் நானாவிடம் எனக்கு எரிச்சலூட்டிய பழக்கம் ஒன்று இருந்தது. வண்டி வந்து நின்றதும் மற்ற மெக்கானிக் பாஸ்மார் பானட்டைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே விடுவார்கள். இவர் தூக்கமாட்டார். வாசலில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி கிடக்கும். டிரைவரை அதில் உட்கார வைத்து, நோயாளியிடம் விசாரிப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருப்பார். எப்போது நின்றது, ஏற்றத்திலா இறக்கத்திலா, நிற்கும் முன் சத்தம் மாறியதா, நேற்று எங்கே போனீர்கள். மிஷினை மிதித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, எழுந்து போய் நானே பானட்டைத் தூக்கிவிடலாமா என்றிருக்கும்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள் காலை அந்தப் பெட்டியில் வந்து உட்கார்ந்தவர் வீரய்யா. கரும்பாறைத் தோட்டத்து டீசல் பிக்கப்பின் டிரைவர். அந்தத் தோட்டத்தில் அதுவரை ஸ்டியரிங் பிடித்தவர்கள் எல்லாம் டவுனிலிருந்து வந்தவர்கள். லயத்து வரிசை வீட்டில் பிறந்து, லாரியில் மூட்டை ஏற்றி இறக்கி, லைசன் எடுத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்த முதல் ஆள் வீரய்யாதான். அவர் முதன்முதலில் வண்டியை எடுத்த அன்று லயத்துச் சனம் முழுக்க வாசலில் நின்று பார்த்ததாம். அவருக்கு அன்றைக்கு வேண்டிய காக்கிச் சட்டையைத் தைத்தது நான்தான். அளவெடுக்கும்போது மனிதர் மூச்சைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நின்றதால், சட்டை பிறகு தொளதொளத்துப் போனது.

அந்தச் சட்டைக்குள் இப்போது அவர் இன்னும் சுருங்கியிருந்தார்.

"போற வண்டி திடீர்னு இருமுது நானா. ரெண்டு இழுப்பு இழுக்குது. அப்புறம் நின்னுருது. எத்தன தடவ செல்ப் அடிச்சாலும் எடுக்க மாட்டேங்குது. பேக்டரி பிட்டர் பில்டரை மாத்திட்டாரு, பைப்பெல்லாம் கழட்டி ஊதிட்டாரு. பேக்டரியில வச்சுப் பாத்தா மணி மாதிரி ஓடுது. ரோட்டுக்கு வந்தா நிக்குது."

"தோட்டத்துத் தொரை என்ன சொல்றாரு?" என்று கேட்டார் ஹலீம் நானா.

வீரய்யா சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். "இன்னொரு தடவ ரோட்டுல நின்னா, சாவிய ஆபீஸ் மேசையில வச்சிட்டு மறுநாள் காலையில பெரட்டுக்கு வந்துரணுமாம். டவுன்லேருந்து வேற டிரைவர் பாத்து வச்சிருக்காராம்."

பெரட்டு என்றால் விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி மலைக்கு அனுப்பும் இடம். அங்கே நின்று பழகியவருக்கு அதில் நிற்பது பெரிய காரியமில்லை. ஆனால் அத்தனை பேரும் பார்க்க டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்து மண்வெட்டியோடு அந்த வரிசையில் நிற்பது வேறு. அதற்குப் பிறகு லயத்துப் பையன் எவனையும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். அது வீரய்யாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஹலீம் நானா வழக்கம்போலக் கேள்விகளை ஆரம்பித்தார்.

"இது எப்பத்திலேருந்து?"

"ஆயுத பூசை முடிஞ்ச கிழமையிலேருந்து."

"எந்த எடத்துல நிக்குது?"

"எடம்னு இல்லீங்க. அட்டன் ரோட்டுல ஒருநாள் நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம். ஒண்ணு மட்டும் கவனிச்சேன். டாங்கி நெறைய டீசல் ஊத்துனா சீக்கிரமே நின்னுருது. அரை டாங்கின்னா கொஞ்சம் தள்ளிப் போய் நிக்குது. வயிறு முட்டத் தின்னவன் நடக்க முடியாம உக்காந்துருவானே, அப்படி."

நான் கடையிலிருந்தே சிரித்துவிட்டேன். டீசல் இல்லாமல் வண்டி நிற்கும், தெரியும். டீசல் நிறைய இருப்பதால் வண்டி நிற்குமா? ஹலீம் நானா சிரிக்கவில்லை. எழுந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"வண்டி நின்னதும் மொதல்ல என்ன செய்வீங்க?"

"டாங்கி மூடியத் தெறந்து குச்சி விட்டு, டீசல் இருக்கான்னு பாப்பேன். இருக்கும். அப்புறம் கைப்பம்பு அடிச்சு, பில்டர்ல அடைஞ்ச காத்தை எடுத்து விடுவேன். அதுக்கப்புறம் ஸ்டார்ட் ஆயிரும். கொஞ்சத் தூரம் ஒழுங்கா போகும்."

"பிட்டரும் அப்படித்தானே செஞ்சிருப்பாரு?"

"யாரா இருந்தாலும் அதத்தானே மொதல்ல பாப்பாங்க!"

ஹலீம் நானா தலையை ஆட்டினார். பிறகு டாங்கியைக் கழுத்து வரை நிரப்பச் சொன்னார். மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டு, "வாங்க, அட்டன் பக்கம் போவோம். வண்டி நிக்கட்டும். நின்னா நான் சொல்ற வரைக்கும் மூடியத் தொடக்கூடாது" என்றார்.

வீரய்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ரோட்டுல நிக்க வைக்கவா போறீங்க நானா? யாராச்சும் பாத்துச் சொல்லிட்டா?"

"நின்னாத்தான் அதுக்கு என்னன்னு தெரியும்."

எனக்கு அட்டனில் நூலும் பொத்தானும் வாங்க வேண்டியிருந்தது. வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது என்பதை மறைப்பானேன். கடையைச் சாத்திவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் தேயிலை கழுவிவிட்டதுபோல இருந்தது. வீரய்யா ஒவ்வொரு திருப்பத்திலும் முருகனைக் கூப்பிட்டார். ஹலீம் நானா கண்ணை மூடிக்கொண்டு காலுக்கடியில் கேட்கும் இரைச்சலையே கேட்டுக்கொண்டு வந்தார். நோர்வூட்டுக்கு ரொம்ப முன்னாலேயே, ஒரு ஏற்றத்தில், "இப்ப" என்றார். அவர் வாயை மூடும் முன் வண்டி இருமியது. இரண்டு முறை குலுங்கி நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் துரையின் கார் பின்னால் வந்தது. எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. துரை வீரய்யாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "சாயந்தரம் ஆபீசுக்கு வா. சாவி கொண்டுவா" என்றார். கார் அட்டன் பக்கம் போய்விட்டது.

வீரய்யா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஹலீம் நானா மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. "ஒரு குடும்பத்த நடுரோட்டுல நிறுத்திட்டீங்களே" என்று கேட்டும்விட்டேன். அவர் பானட்டைத் திறந்தார். பில்டர் மேலிருந்த திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். சொட்டு டீசல் வரவில்லை. இன்னும் அடித்தார். காய்ந்த சத்தம்தான் வந்தது.

"டாங்கி நெறஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு வர மாட்டேங்குது. பாத்தீங்களா? இப்ப ரெண்டு பேரும் இங்க வாங்க. பேசாம நின்னு கேளுங்க."

டிரைவர் கதவுக்குப் பின்னால் இருந்த டாங்கி மூடிக்கு எங்களைக் கூட்டிப் போனார். விரலால் மெல்ல, மிக மெல்லத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. நீளமாக வந்தது. தண்ணீருக்குள் மூச்சடக்கிக் கிடந்தவன் தலையை வெளியே எடுத்து இழுப்பானே, அந்த மூச்சு. வண்டி காற்றை உள்ளே இழுத்தது. எனக்குக் கை மயிரெல்லாம் நின்றுவிட்டது. இரும்பும் தகரமுமாக இருந்த ஒன்று என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். வீரய்யா தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹலீம் நானா திரும்பிப் போய்ப் பம்பை அடித்தார். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல் வழிந்தது. திருகாணியை இறுக்கிவிட்டு, "இப்ப அடிங்க" என்றார். ஒரே அடியில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"டாங்கியில டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து உள்ள போகணும் வீரய்யா. போகலைன்னா, பம்பு எவ்வளவு இழுத்தாலும் டாங்கி விடாது. நெறைய ஊத்துனா உள்ள காத்துக்கு எடமே கம்மி, அதான் சீக்கிரம் நிக்குது. நீங்க சொன்னதுதான் எனக்கு வழி காட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் மூடியத் தெறந்து பாத்தீங்க இல்லையா? அந்த நேரத்துல காத்து உள்ள போயிரும். நோய் ஓடிப்போயிரும். அப்புறம் யாரு பாத்தாலும் வண்டி நல்லாத்தானே இருக்கும்?"

நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. இரண்டு கிழமையாக எல்லோரும் வண்டியைக் குணப்படுத்திவிட்டு அதன் பிறகு நோயைத் தேடியிருக்கிறார்கள். இவர் தேயிலைப் பெட்டியில் டிரைவரை உட்கார வைத்து, வார்த்தையிலேயே அதைப் பிடித்துவிட்டார். இத்தனை நாள் எரிச்சலோடு பார்த்த அந்தக் கேள்விகள் மேல் எனக்குப் பயபக்தி வந்துவிட்டது.

"காத்து போற வழி எங்க நானா இருக்கு?" என்று கேட்டார் வீரய்யா.

ஹலீம் நானா மூடியை அவர் கையில் கொடுத்தார். "இந்த மூடியிலதான். மேல ஒரு ஊசி ஓட்டை இருக்கும்."

மூடியில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. மேலே கட்டை விரல் பருமனுக்குச் சிவப்பாக மொத்தையாக ஏதோ அப்பியிருந்தது. வீரய்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வச்ச பொட்டு" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். மஸ்கெலியா மழை தெரியாதா, ஒரே நாளில் கரைத்துக்கொண்டு போய்விட்டது. வைத்த பொட்டு வழிந்து போவது அபசகுனமாயிற்றே என்று மனசு கேட்காமல், குங்குமத்தைக் கிரீஸில் குழைத்து வைத்திருக்கிறார். அது எந்த மழைக்கும் அசையவில்லை. பானட்டில் ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று. டாங்கி மூடிக்கு மட்டும் பெரிதாக, ஏனென்றால் அது வண்டி சோறு தின்கிற வாய். வண்டி முதல்முறை நின்றபோது யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் வைத்திருக்கிறார். அடுத்த முறை நின்றபோது இன்னும் கொஞ்சம். வண்டி நிற்க நிற்கப் பொட்டும் வளர்ந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. ஹலீம் நானாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. காலையில் வண்டியைச் சுற்றி வந்தபோதே இவர் இதைப் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்களே எடுத்துருங்க நானா" என்று வீரய்யா மூடியை நீட்டினார்.

"நான் தொடக்கூடாது. நீங்க சாமிக்கு வச்சது. நீங்கதான் எடுக்கணும்."

வீரய்யா ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து, கும்பிட்டுவிட்டு, விரலால் மெல்ல வழித்தார். வழித்ததைத் தரையில் போடாமல் ஒரு தேயிலைச் செடியின் தூரில் வைத்தார். ஓட்டைக்குள் இருந்தது வரவில்லை. தையல்காரன் சட்டைக் காலரில் ஊசி இல்லாத நாள் ஏது? எடுத்துக் கொடுத்தேன். "ஊதிப் பாருங்க" என்றார் ஹலீம் நானா. வீரய்யா மூடியின் அடிப்பக்கத்தில் வாய் வைத்து ஊதினார். கன்னம்தான் உப்பியது. ஊசியால் குத்தி எடுத்துவிட்டு மறுபடி ஊதினார். ஓட்டைக்கு மேல் விரலைப் பிடித்திருந்த எனக்குக் குளிர்ந்த காற்று பட்டது.

"பொட்டு வைக்க வேணாம்னு நான் சொல்லல்ல" என்றார் ஹலீம் நானா. "நெத்தியில வைங்க, கன்னத்துல வைங்க. மூக்குல மட்டும் வைக்காதீங்க."

அட்டன் வரை போனோம். திரும்பி வந்தோம். வண்டி எங்கேயும் இருமவில்லை. ஆனால் வீரய்யாவின் முகம் தெளியவில்லை. "தொரைக்கிட்ட என்னன்னு சொல்வேன்? குங்குமம் வச்சுத் தோட்டத்து வண்டிய அடைச்சிட்டேன்னு சொன்னா, தொரைமார் க்ளப்புல போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. லயத்துக்காரன் கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்னு பேசுவாங்க. பொய் சொல்லவும் வரலையே நானா."

"நிறுத்தச் சொன்னது நான். நானும் வாறேன்" என்றார் ஹலீம் நானா.

அந்தச் சாயந்தரம் கரும்பாறைத் தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்காது. துரை வெளியே வந்து கையை நீட்டினார். வீரய்யா சாவியை வைத்தார்.

"ரோட்டுல நின்னது" என்றார் துரை.

"நான்தான் நிக்க வச்சேன் சார்" என்றார் ஹலீம் நானா. "நின்னாத்தான் கோளாறைப் பிடிக்கலாம். பிடிச்சாச்சு. டாங்கி மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருந்தது. தெறந்து, அட்டன் போய் வந்தாச்சு. இனிமே நிக்காது."

துரை அவரையே பார்த்தார். "எதால அடைச்சது?"

வீரய்யா கண்ணை மூடிக்கொண்டார்.

"கிரீஸ், சார்" என்றார் ஹலீம் நானா.

துரை படியிறங்கிப் போய் மூடியைப் பார்த்தார். ஓட்டையின் மேல் விரலைத் தேய்த்தார். நாங்கள் எவ்வளவு துடைத்தும் போகாத சிவப்பு கொஞ்சம் அவர் விரலில் ஒட்டியது. விரலைப் பார்த்தார். பானட்டில் இருந்த பொட்டைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"கிரீஸ்" என்றார். சாவியை வீரய்யாவின் கையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் இருவரும் இறங்கி வரும் வழியில் நான் கேட்டேன். "ஏன் நானா, குங்குமத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லலையே?"

"ஓட்டையை அடைச்சது கிரீஸ். குங்குமம் மட்டும்னா மழையிலேயே போயிருக்கும். அது அவருக்கும் அவர் சாமிக்கும் உள்ளது. அதுல மெக்கானிக்குக்கு என்ன வேல?"

நான் அன்றைக்கு இரண்டாவது முறையாக வாயடைத்துப்போன இடம் அதுதான். இஞ்சினைத் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். ஒரு மனிதனின் மானம் எந்தச் சொல்லில் தொங்குகிறது என்று தெரிந்து, அதைப் பொய்யும் சொல்லாமல் காப்பாற்றுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்குத் தோள் இரண்டும் ஒரே மட்டமா என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு வீரய்யா பிக்கப்பைக் கழுவி, கராஜ் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். மனைவி ராக்காயி தட்டில் பொரி கடலையும் பழமும் கொண்டுவந்தார். லயத்திலிருந்து இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் புதிதாக லைசன் எடுத்தவர். ஹலீம் நானா கையைக் கழுவிவிட்டுத் தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

வீரய்யா பானட்டுக்குச் சந்தனம் வைத்தார். சக்கரங்களுக்கு வைத்தார். ஸ்டியரிங்குக்கு வைத்தார். சுற்றிக்கொண்டு டாங்கி மூடிக்கு வந்தவர், குங்குமம் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மூடியைக் கழற்றி, கும்பிட்டு, வாயருகே கொண்டுபோய் அந்தச் சின்ன ஓட்டையில் மெல்ல ஒரு தரம் ஊதினார்.